செவிக் கருவியும் மறதி நோயும்: ஆய்வு சொன்னதும் சொல்லாததும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். காது கேட்கும் கருவி அணிந்துகொண்டால் முதுமையில் மறதி நோய் வராது என்ற பொருளில் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரையை வாசித்தேன். முதியோரின் செவித்திறனுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியது பாராட்டுக்குரியது. ஆனால் கட்டுரையாளர் சான்றாகக் காட்டிய இரண்டு ஆய்வுகளில் ஒன்று திரும்பப் பெறப்பட்டுவிட்டது. மற்றொன்று அவர் சொல்வதைச் சொல்லவில்லை. செவித்திறன் பரிசோதனையையே தொழிலாகக் கொண்டவன் என்பதால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதல் ஆய்வு, பிரிட்டனில் லட்சக்கணக்கானோரின் உடல்நல விவரங்களைத் திரட்டி வைத்திருக்கும் ‘யுகே பயோபேங்க்’ திட்டத்தின் தரவுகளைக் கொண்டு 2023 ஏப்ரலில் ‘லான்செட் பப்ளிக் ஹெல்த்’ இதழில் வெளியானது. 4 லட்சத்து 37 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்களை ஆராய்ந்து, காது மந்தமாகியும் கருவி அணியாதவர்களுக்கு மறதி நோய் வரும் அபாயம், செவித்திறன் குறையாதவர்களைவிட 42 சதவீதம் கூடுதல் என்றும், அணிந்தவர்களுக்கு அப்படி இல்லை என்றும் அது கூறியது. அதே ஆண்டு டிசம்பரில் அது திரும்பப் பெறப்பட்டது. கணினிக் கட்டளையில் நேர்ந்த பிழையால், கருவி அணிந்தவர்களின் தரவும் அணியாதவர்களின் தரவும் இடம் மாறிப்போயிருந்தன என்பதை ஆய்வாளர்களே இதழுக்குத் தெரிவித்தார்கள். அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால் 42 சதவீதம் என்ற எண் மட்டும் இன்றும் கட்டுரைகளில் உலவிக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது, 2023 ஜூலையில் ‘லான்செட்’ இதழில் வெளியான ‘அச்சீவ்’ ஆய்வு. அமெரிக்காவில் நான்கு இடங்களில், 70 முதல் 84 வயது வரையிலான 977 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் செவிக் கருவியும் அதைப் பயன்படுத்தும் பயிற்சியும், மற்றவர்களுக்கு முதுமைக்கால உடல்நலம் குறித்த ஆலோசனையும் அளித்து மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். அனைவரையும் சேர்த்துப் பார்த்தபோது, அறிவாற்றல் சோதனை மதிப்பெண்கள் சரிந்த வேகத்தில் இரு பிரிவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இதய நோய் குறித்த ஒரு நீண்டகால ஆய்விலிருந்து வந்து சேர்ந்த 238 பேரிடம் மட்டும், கருவி பெற்றவர்களின் சரிவு 48 சதவீதம் குறைவாக இருந்தது. இவர்கள் வயதிலும் நோய்க் காரணிகளிலும் கூடுதலாக இருந்தவர்கள். புதிதாகச் சேர்ந்த மற்றவர்கள் ஓரளவு ஆரோக்கியமானவர்கள். அவர்களுக்குச் சரிவே குறைவு என்பதால், பலன் இருந்திருந்தாலும் மூன்று ஆண்டுகளில் அது வெளிப்படுவது கடினம். ஆகவே அந்த 48 சதவீதத்தை ஒதுக்கித் தள்ள வேண்டியதில்லை, அது நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் அது மதிப்பெண்ணின் சரிவைக் குறிப்பதே தவிர, மறதி நோய் தடுக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை அன்று.

மதிப்பெண் என்பதையும் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். மருத்துவமனைகளில் செய்யப்படும் நினைவாற்றல் சோதனைகளில் பல, வாய்மொழியாக நடப்பவை. மருத்துவர் சில சொற்களைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்வார். சில நிமிடங்கள் கழித்து அதே சொற்களை மீண்டும் கேட்பார். வயதினால் வரும் செவித்திறன் குறைவோ உயர் அதிர்வெண் ஒலிகளை, அதாவது உச்ச சுருதி ஒலிகளைத்தான் முதலில் பாதிக்கிறது. உயிரொலிகள் காதில் விழும், மெய்யொலிகள் நழுவும். ‘பட்டு’ என்றது ‘தட்டு’ என்றோ ‘கட்டு’ என்றோ கேட்கும். “சத்தம் கேட்குது, என்ன சொல்றீங்கன்னுதான் புரியல” என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான். தலைக்கு மேல் மின்விசிறி இரைய, முகக்கவசத்துக்குள்ளிருந்து சொல்லப்படும் ஒரு சொல் காதில் சரியாக விழாமலே போக, அதை மறந்த சொல்லாகக் கணக்கெழுதுவது அந்த முதியவருக்கு இழைக்கும் அநீதி. ஆடியோகிராம் எனப்படும் செவித்திறன் வரைபடமும் இதற்கு முழு விடை தராது. ஒலி புகாத அறையில் 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளில் எவ்வளவு மெல்லியது கேட்கிறது என்பதை அது காட்டும். இரைச்சலுக்கு நடுவே பேச்சு எவ்வளவு விளங்குகிறது என்பதை அறியத் தனிச் சோதனை வேண்டும், அதுவும் அவரவர் தாய்மொழியில்.

மிகைப்படுத்திய வாக்குறுதியால் நேரும் கேட்டை நேரில் பார்க்கிறேன். தந்தைக்குப் பல்லாயிரம் ரூபாய் செலவழித்துக் கருவி வாங்கிய ஒரு மகன், மறதி குறையவில்லை என்று அதைத் திருப்பித் தர வந்தார். அந்தப் பெரியவரோ அதை அணிந்த பிறகுதான் பேரனோடு போனில் பேசத் தொடங்கியிருந்தார். செவிக் கருவி அணிய அந்த ஒரு காரணமே போதும். மறதி நோயின் தவிர்க்கக்கூடிய காரணிகள் என்று லான்செட் இதழ் அமைத்த நிபுணர் ஆணையம் 2024-இல் பட்டியலிட்ட 14-இல் செவித்திறன் குறைவும் ஒன்று என்பது உண்மையே. அதற்காகக் கருவியை மறதிக்கான மருந்துபோல் விற்கக் கூடாது.

நினைவாற்றலைச் சோதிக்குமுன் காதைச் சோதிக்குமாறு கேளுங்கள் என்று முதியோரை அழைத்துச் செல்லும் குடும்பத்தினருக்குத் தங்கள் நாளிதழ் எடுத்துச் சொல்லலாம். திரும்பப் பெறப்பட்ட ஆய்வு பற்றிய திருத்தத்தையும், கட்டுரை வெளியான அதே மருத்துவப் பக்கத்தில், வாசகர் கண்ணில் படும் அளவில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செவித்திறன் நிபுணர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.