ஆய் நிறத்தைப் பார்க்கச் சொல்லி அனுப்புங்கள்: குழந்தை மருத்துவர்களுக்கும் மருந்துக்கடைக்காரர்களுக்கும் ஒரு தாயின் திறந்த மடல்

வணக்கம்.

என் மகளுக்கு ஏழு வயதில் மூட்டுவாதம் வந்தது. காலையில் முழங்காலை மடக்க முடியாமல் அழுவாள்; இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் பாத்ரூமுக்குப் போவேன். நாப்ராக்சன் என்ற வலி மருந்து ஆரம்பித்துச் சில வாரங்களில் பள்ளிக்கூடப் படியை அவளே ஏறினாள். அதனால் மருந்தின் மேல் எனக்குக் கோபமில்லை.

பிறகு ஸ்டீராய்டும் சேர்ந்தது. அப்புறம் ஒரு காய்ச்சல். தெருமுனைக் கடையில் வாங்கிய சிரப்பில் இருந்தது ஐபுப்ரோஃபென். நாப்ராக்சனும் அதுவும் ஒரே வகை வலி மருந்து என்பது எனக்குத் தெரியாது. வேறு மருந்து ஏதும் சாப்பிடுகிறாளா என்று கடையிலும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் வெளிக்குப் போனது கறுப்பாக இருந்தது. தார் மாதிரி, பிசுபிசுவென்று. தண்ணீர் ஊற்றியும் பீங்கானை விட்டுப் போகவில்லை. இரும்புச் சத்து டானிக்கால்தான் என்று நினைத்தேன். டானிக்காலும் கறுக்கும், உண்மைதான். ஆனால் அந்தப் பிசுபிசுப்பும் அந்த நாற்றமும் ரத்தத்துடையவை. இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டேன். பல் தேய்க்கும்போது தலைசுற்றி விழுந்தாள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெளுத்துக் கிடந்தது. ரத்தம் ஏற்றினார்கள். எண்டோஸ்கோப்பியில் இரைப்பைப் புண் தெரிந்தது.

மூட்டில் வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புரோஸ்டகிளாண்டின் என்ற ரசாயனம்தான் இரைப்பையின் உட்சுவரையும் காக்கிறது. வலி மாத்திரை அதைச் சுரக்கவிடாமல் தடுத்துவிடுகிறது. ஆஸ்பிரினை வைத்து ஜான் வேன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி இதை விளக்கியது 1971இல். 1982இல் நோபல் பரிசும் பெற்றார். இத்தனை வருஷமாக உங்களுக்குத் தெரிந்த விஷயம், சீட்டை வாங்கிக்கொண்டு போகும் எங்களுக்கு ஏன் வந்து சேரவில்லை?

டாக்டர்களே, வெளியே நாற்பது பேர் காத்திருப்பது தெரியும். ஆனாலும் அரை நிமிஷம் கொடுங்கள். 'ஆய் தார் மாதிரி போனாலோ, வாந்தி காப்பித் தூள் நிறத்தில் வந்தாலோ உடனே கூட்டி வாங்க' என்று தமிழில் சொல்லுங்கள். குழந்தைகளின் ரத்தக் குழாய்களைப் பாதிக்கும் கவாசாகி நோய்க்கு ஆஸ்பிரின் வாங்கிப் போகும் பெற்றோரிடமும் சொல்லுங்கள். வலி மாத்திரையோடு ஸ்டீராய்டும் சேரும்போது வயிற்றைக் காக்க மருந்து வேண்டுமா என்று பாருங்கள். ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தக்கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள். பயத்தில் நாங்கள் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவோம்.

கடைக்கார அண்ணன்களே, குழந்தைக்குக் காய்ச்சல் என்று யார் வந்து நின்றாலும், 'இப்போ வேற என்ன மருந்து குடுக்கறீங்க?' என்று கேட்டுவிட்டு பாட்டிலை எடுங்கள்.