ஏரோப்ளேன் மோடில் போட்டு வைக்க நான் போன் வாங்கவில்லை

அனுப்புநர்: தோட்ட ஜீப் ஓட்டுநர், கம்பம், தேனி மாவட்டம்.

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, தலைமை அலுவலகம்.

நாள்: 3.11.2025

பொருள்: அப்டேட்டுக்குப் பிறகு பேட்டரி நிற்காத போன், நான்கு முறை அலைக்கழித்த சர்வீஸ் சென்டர்கள், நஷ்டஈடு – தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். கடிதமாக எழுதுவது இதுதான் முதல் தடவை. ஆனால் உங்கள் கம்பெனியோடு நான் பேசுவது இது பன்னிரண்டாவது தடவை. ஏழு தடவை ஹெல்ப்லைனில், நாலு தடவை சர்வீஸ் சென்டரில். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து கதை சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் இந்தத் தடவை எழுதி வைக்கிறேன், யார் கேட்டாலும் இதையே படித்துக்கொள்ளட்டும்.

கடந்த பிப்ரவரி 8ஆம் தேதி குமுளியில் ஒரு கடையில் 17,499 ரூபாய்க்கு உங்கள் போனை வாங்கினேன். 5,000 எம்ஏஎச் பேட்டரி, ஒரு தடவை ஏற்றினால் இரண்டு நாள் நிற்கும் என்று பெட்டியிலேயே போட்டிருந்தது. இரண்டு நாளை நான் நம்பவில்லை, பொய் சொல்லக்கூடாது. ஒரு நாள் நின்றால் போதும் என்றுதான் வாங்கினேன். நின்றது. காலை நாலு மணிக்கு சார்ஜரிலிருந்து எடுத்தால் ராத்திரி ஏழு மணிக்கு வீடு திரும்பும்போது 35 சதவீதம் மிச்சம் இருக்கும். ஐந்து மாதம் அப்படித்தான் ஓடியது. உங்கள் போனை வாங்கச் சொல்லி இரண்டு பேருக்குச் சிபாரிசு கூட செய்தேன். அவர்கள் முகத்தில் இப்போது முழிக்க முடியவில்லை.

ஜூலை நடுவில் ஒரு அப்டேட் வந்தது. ராத்திரி அதுவாகவே இறங்கி ஏறிக்கொண்டது. மறுநாள் பகல் பதினோரு மணிக்கு 40, இரண்டு மணிக்குப் போன் செத்துவிட்டது. அன்றிலிருந்து இன்றுவரை இதே கதைதான்.

என் தொழில் என்ன என்று உங்கள் ஆட்களிடம் ஏழு தடவை சொல்லியும் யாருக்கும் ஏறவில்லை, அதனால் இங்கேயும் சொல்லிவிடுகிறேன். கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாக வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு போகும் ஜீப் என்னுடையது. இன்றைக்கு எந்தத் தோட்டம், எத்தனை ஆள் என்று கங்காணி விடியற்காலையில் போனில்தான் சொல்வார். சாயங்காலம் எத்தனை மணிக்கு இறக்க வேண்டும் என்பதும் போனில்தான் வரும். மழை பிடித்தால் இரண்டு மணிக்கே வேலை முடிந்துவிடும். அந்த இரண்டு மணிக்குத்தான் உங்கள் போன் கண்ணை மூடுகிறது. ஆகஸ்டில் ஒரு நாள் பதினான்கு பெண்கள் மழையில் ஒன்றரை மணி நேரம் ரோட்டோரம் நின்றார்கள். "போன வச்சுக்கிட்டு என்னண்ணே பண்றீங்க" என்று கேட்டார்கள். நான் என்ன பதில் சொல்ல? மறுவாரமே அந்தத் தோட்டத்து ட்ரிப் வேறு ஜீப்புக்குப் போய்விட்டது. காய் எடுக்கிற சீசனில் போன ட்ரிப் அது. இனி திரும்பி வராது.

சரி, வரிசையாகச் சொல்கிறேன்.

ஜூலை 19 முதல் அழைப்பு. அப்டேட் வந்தால் போன் பழகுவதற்கு மூன்று நாள் ஆகும், பொறுங்கள் என்றார் அந்தப் பெண். நியாயம்தான், பொறுத்தேன். ஒரு வாரம் பொறுத்தேன். அடுத்து பேசியவர் பின்னால் ஓடும் ஆப்களை எல்லாம் தள்ளி மூடச் சொன்னார். மணிக்கொரு தடவை மூடினேன். மூடிய ஆப்பைத் திரும்பத் திறக்கும்போது அது மறுபடி முதலிலிருந்து ஏறுவதால் பேட்டரி இன்னும்தான் செலவாகும் என்று கல்லூரியில் படிக்கும் என் மகள் சொன்னாள். மூன்றாவது ஆள் டார்க் மோட் போடச் சொன்னார். ஐயா, திரையைக் கறுப்பாக்கினால் பேட்டரி மிச்சமாவது அமோலெட் திரையில்தான். அதில் கறுப்பு இருக்கும் இடத்தில் விளக்கே எரியாது. என்னுடையது எல்சிடி. பின்னால் விளக்கு எப்போதும் எரிந்துகொண்டுதான் இருக்கும். எல்சிடி என்று உங்கள் பெட்டியில் நீங்களே அச்சடித்திருக்கிறீர்கள்! எந்தப் போனில் எந்தத் திரை என்பது விற்கிற உங்களுக்குத் தெரியாதா?

நாலாவது ஆள், பேட்டரியைச் சுத்தமாக 0 வரை இறங்கவிட்டு 100 வரை ஏற்றுங்கள், வாரம் ஒரு தடவை செய்யுங்கள் என்றார். ஐந்தாவது ஆள், ஐயோ 20க்குக் கீழே விடவே கூடாது, 80க்கு மேலே ஏற்றாதீர்கள் என்றார். இரண்டு பேரும் உங்கள் சம்பளம் வாங்குகிறவர்கள். லித்தியம் பேட்டரியை 0 வரை வடியவிடுவதும் அதற்குக் கெடுதல், 100லேயே நெடுநேரம் வைத்திருப்பதும் கெடுதல், எல்லாவற்றையும் விட சூடு கெடுதல். ஆகவே ஐந்தாவது ஆள் சொன்னது சரி. நாலாவது ஆள் சொன்னதைக் கேட்டு நான்கு வாரம் வடியவிட்டேனே, அதற்கு யார் பொறுப்பு?

ஆறாவது ஆள்தான் ஏரோப்ளேன் மோடில் போடச் சொன்னவர். "சார், யூஸ் பண்ணாத நேரத்துல ஏரோப்ளேன் மோட்ல போட்டுருங்க, பேட்டரி நல்லா நிக்கும்." நிற்கும். நிற்காமல் என்ன செய்யும். கங்காணி அண்ணன் எனக்கு எப்படிக் கூப்பிடுவார், தபால் போடுவாரா?

இனி சர்வீஸ் சென்டர். ஜூலை 28, தேனி. பில்லைப் பார்த்துவிட்டு, இது கேரளா பில், கேரளாவில்தான் பார்க்க வேண்டும், கட்டப்பனை போங்கள் என்றார்கள். ஆகஸ்ட் 2, கட்டப்பனை. அங்கே இருந்த பையன் தங்கமானவன், அவன் மேல் எனக்குப் புகார் இல்லை. பேட்டரியை மாற்றிவிடலாம் என்று சொல்லி ஜாப் ஷீட் போட்டான். "சேட்டா, பார்ட் வந்நிட்டில்லா, பத்து நாளில் விளிக்காம்" என்றான், அதாவது பார்ட் இன்னும் வரவில்லை, பத்து நாளில் கூப்பிடுகிறேன் என்று. பத்து நாள் போய் முப்பது நாள் ஆனது. விளிக்கவில்லை. ஹெல்ப்லைனில் கேட்டால், உங்கள் முகவரி தேனி மாவட்டம், தேனிக்குத்தான் பார்ட் போகும் என்கிறார்கள். பில் கேரளா என்று மலையேற்றுகிறீர்கள், வீடு தமிழ்நாடு என்று இறக்கிவிடுகிறீர்கள். ஆக, என் போன் கம்பம்மெட்டு செக்போஸ்ட்டிலேயே குடியிருக்க வேண்டுமா?

அப்புறம் அந்த செப்டம்பர் 5. இதை நினைத்தாலே வயிறு எரிகிறது. எனக்கு வேலை இல்லாத நாள் அதுதான், தோட்டத்துக்கு லீவு. உங்கள் ஆப்பில் கட்டப்பனைக்கு அன்று காலை 11 மணி ஸ்லாட் காலியாக இருந்தது. பதிவு செய்தேன். உறுதி செய்து மெசேஜ் வந்தது, இதோ வைத்திருக்கிறேன். கம்பெனியே நேரம் கொடுத்திருக்கிறதே, திறந்துதான் இருக்கும் என்று நம்பி ஜீப்பை எடுத்துக்கொண்டு மேடு ஏறிப் போனேன். போய்ப் பார்த்தால் ஷட்டர் இழுத்துப் பூட்டியிருக்கிறது. ஷட்டருக்கு முன்னால் தரையில் அத்தப்பூக்களம், சாமந்தியும் வாடாமல்லியும் வட்டம் வட்டமாக. பார்க்க அழகாகத்தான் இருந்தது. எனக்குத்தான் ரசிக்க முடியவில்லை. அன்று திருவோணம்! அதனால்தானே எனக்கே லீவு? கேரளாவில் கடை நடத்துகிற உங்களுக்குத் திருவோணம் என்றைக்கு என்று தெரியாதா? பக்கத்தில் டீக்கடைகூட இல்லை. பூவை மிதிக்காமல் ஜீப்பைத் திருப்பிக்கொண்டு இறங்கி வந்தேன். டீசல், பாதி நாள், டயர் தேய்மானம் எல்லாம் என் கணக்கு.

இவ்வளவையும் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். செப்டம்பர் 16 தேனியில் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. காதில் இயர்பட்ஸ். ஜாப் ஷீட்டை நீட்டினேன். ஒரு விரலால் தள்ளிவிட்டார். போனை உள்ளே கொண்டுபோய் 20 நிமிடத்தில் திரும்பக் கொடுத்து, "பேட்டரி ஹெல்த் 91 காட்டுது, போன் நல்லாருக்கு" என்றார். நல்லாயிருக்கிற போனை நான் ஏன் கொண்டு வரப்போகிறேன் என்றேன். அதற்கு அவர் சொன்னது, எழுத்துக்கு எழுத்து: "அண்ணே, மலைக்குப் போறவங்களுக்கு எந்தப் போனும் நிக்காது. உங்களுக்கெல்லாம் பட்டன் போன்தான் செட்டாகும்." பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். இதில் 'உங்களுக்கெல்லாம்' என்றால் யார்? ஜீப் ஓட்டுகிறவனா, மலையில் பிழைக்கிறவனா? 17,499 ரூபாயை எண்ணி வைத்தபோது இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லையே. அடுத்து, பேட்டரிக்கு வாரண்டி ஆறு மாதம்தான், ஆகஸ்ட்டோடு முடிந்துவிட்டது, மாற்ற வேண்டுமானால் 1,890 ரூபாய் என்றார். நான் முதல் புகார் கொடுத்தது ஜூலை 19. தேனிக்கே வந்தது ஜூலை 28. அப்போது வாரண்டி உயிரோடு இருந்தது. அலையவிட்டு அலையவிட்டு அதைக் கொன்றவர்கள் நீங்கள்.

கோபத்தில் எழுதுகிறேன், மன்னிக்கவும். அவர் சொன்னதில் ஒரு பாதி உண்மை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். சிக்னல் கம்மியாக இருக்கும் இடத்தில் டவரை எட்டிப் பிடிக்கப் போன் அதிக சக்தியைச் செலவழிக்கும். மேட்டில் ஏற ஏற சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும், இங்கே ஒரு டவர், வளைவு திரும்பினால் கேரளா டவர். ஆனால் அதே சிம், அதே ஜீப், அதே மலை, பிப்ரவரியிலிருந்து ஜூலை வரை உங்கள் போன் நின்றதே? இன்னொன்றும் செய்து பார்த்தேன். என் சிம்மைக் கழற்றி என் மனைவியின் போனில் போட்டு ஒரு நாள் முழுக்க ஓடினேன். வேறு கம்பெனி, ஒன்பதாயிரம் ரூபாய் போன். சாயங்காலம் ஆறு மணிக்கு 48 சதவீதம் இருந்தது. அவர் அன்றைக்கு உங்கள் போனை வைத்துக்கொண்டு, "என்னங்க இது, கையில புடிச்சா இஸ்திரிப் பெட்டி மாதிரி சுடுது" என்றார். அவர் வீட்டை விட்டே வெளியே போகவில்லை.

ஜீப் டேஷ்போர்டில் வெயிலில் வைத்ததால் கெட்டிருக்கும் என்றும் உங்கள் ஆள் ஒருவர் சொன்னார். கம்பத்து வெயிலில் இரண்டொரு தடவை வைத்திருக்கலாம். இல்லை என்று சத்தியம் செய்யமாட்டேன். சார்ஜர் உங்களுடையதுதான், தனியாகக் காசு கொடுத்து வாங்கினேன்.

செட்டிங்ஸில் பேட்டரி பக்கத்தைத் திறந்து பார்த்தால் முதலில் நிற்பது மொபைல் நெட்வொர்க், 31 சதவீதம். நான் பேசியதே அன்று 25 நிமிடம். அடுத்து லாக் ஸ்கிரீனில் படம் மாற்றி மாற்றிக் காட்டும் உங்கள் ஆப் 9 சதவீதம். அதை நான் கேட்கவே இல்லை. அப்டேட்டோடு வந்தது, அழிக்கவும் விடவில்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அக்டோபரில் மெயிலில் அனுப்பினேன். "அன்புள்ள வாடிக்கையாளரே, வெளிச்சத்தைக் குறைத்து வைக்கவும்" என்று பதில் வந்தது. படத்தைத் திறந்தாவது பார்த்தீர்களா?

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தவள் என் மகள். நெட்வொர்க்கை 5ஜியிலிருந்து எடுத்து 4ஜியில் மட்டும் நிற்கும்படி வைத்தாள். மலையில் 5ஜி அரைகுறையாக வரும், போன் 5ஜிக்கும் 4ஜிக்கும் தாவித் தாவியே களைத்துப்போகிறது என்றாள். அந்தப் படம் காட்டும் ஆப்பையும் முடக்கிவைத்தாள். இப்போது இரண்டு மணிக்குச் சாகாமல் நாலரை வரை இழுக்கிறது. உங்கள் ஏழு பேரில் ஒருவருக்கு இது தோன்றவில்லை. ஆனாலும் 5ஜி போன் என்று விற்றதை 4ஜியாக வைத்து ஓட்டுவதற்கா நான் கூடுதல் காசு கொடுத்தேன்? அந்த அப்டேட்டில் என்ன மாற்றினீர்கள் என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்துகொண்டுதான் மறைக்கிறீர்கள் என்றே நினைக்கிறேன். 20 நிமிடம் ஏசி அறையில் வைஃபை போட்டுப் பார்த்தால் நோய் தெரியுமா? சிம்மோடு ஒரு நாள் வைத்துப் பாருங்கள். வேண்டுமானால் உங்கள் இன்ஜினியர் என் ஜீப்பில் முன்சீட்டில் உட்கார்ந்து வரட்டும், காலை நாலரைக்குக் கிளம்புவேன்.

நான் கேட்பது இதுதான். ஒன்று, புதுப் போன், அல்லது முழுப் பணம். பேட்டரியை மட்டும் மாற்றித் தருவதை ஆகஸ்டில் தந்திருந்தால் கும்பிட்டு வாங்கியிருப்பேன், இப்போது முடியாது. போன ட்ரிப்புக்கும், நாலு அலைச்சலுக்கும், மனஉளைச்சலுக்கும் சேர்த்து மூன்று லட்சம் ரூபாய் நஷ்டஈடு. கூடுதல் என்று தோன்றினால் அந்தப் பதினான்கு பெண்களிடம் வந்து பேசிப் பாருங்கள். தேனி கவுன்ட்டர்காரர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இது பணத்தைவிட முக்கியம்.

15 நாளுக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகார் பதிவேன். அப்புறமும் அசையவில்லை என்றால் தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், பில் கேரளாவா தமிழ்நாடா என்ற பேச்சே அங்கே எடுபடாது. 5 லட்சம் வரை மதிப்புள்ள பொருளுக்கு மனுக் கட்டணமும் கிடையாது. அந்த அளவுக்குப் போக எனக்கு ஆசை இல்லை. தயவுசெய்து என்னை அங்கே தள்ளாதீர்கள்.

பில், இரண்டு ஜாப் ஷீட், செப்டம்பர் 5 ஸ்லாட் மெசேஜ், பேட்டரி பக்கத்து ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றின் நகலும் இத்துடன் இருக்கின்றன. என்னைக் கூப்பிடுவதாக இருந்தால் மாலை நாலரைக்குள் கூப்பிடவும். அதற்கு மேல் என்றால் பின்பக்கம் என் மனைவியின் நம்பரை எழுதியிருக்கிறேன், அதில் கூப்பிடுங்கள். அந்தப் போனில் சார்ஜ் இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர், கம்பம்.