மாறுதல்ல போற எங்க லைப்ரரி அக்காவுக்கும் கூட நின்னவங்களுக்கும் ஒரு நன்றி

எல்லாருக்கும் வணக்கம். நம்ம ஊர் கிளை நூலகத்து அக்கா வர்ற திங்கக்கிழமையோட வேற ஊருக்கு மாறுதல்ல போறாங்கன்னு நேத்து சாயங்காலம் பேப்பர் படிக்கப் போனப்பதான் தெரிஞ்சுது. சால்வை கீல்வைன்னு யாராச்சும் ஆரம்பிச்சீங்கன்னா நான் எந்திரிச்சு போயிடுவேன்னு கறாரா சொல்லிட்டாங்களாம், அதான் இங்க எழுதறேன். மைக் இல்லாததால இதுல இருந்து அவங்க எந்திரிச்சு போக முடியாது.

நான் அங்க போனதே கதை படிக்க இல்லைங்க. 2017ல குரூப் 4க்கு படிக்கிறேன்னு வீட்ல சொல்லிட்டு ஃபேன் காத்துக்காக போய் உக்காந்த ஆளு. ஒருநாள் பொது அறிவு புக்கையே தலைக்கு வச்சு தூங்கிட்டேன், அக்கா வந்து டேபிள தட்டி எழுப்பி திட்டப்போறாங்கன்னு பாத்தா, "தம்பி, கடைசியா கீழ வைக்க முடியாம எந்த கதைய படிச்ச?"ன்னு கேட்டாங்க. பஸ் ஸ்டாண்ட் கடையில வாங்குன ஒரு கிரைம் நாவல், பேரு கூட ஞாபகம் இல்ல, சொல்லவே வெக்கமா இருந்துச்சு. ஏன்னா அதுக்கு முன்னாடி வேற ஒரு இடத்துல இதே மாதிரி புக்கு கேட்டப்ப "இந்த குப்பையெல்லாம் இங்க கிடையாது"ன்னு நாலு பேரு முன்னாடி சொல்லி அனுப்பிருக்காங்க. அக்கா அப்படி ஒண்ணும் சொல்லல. "அதுல உனக்கு எது புடிச்சுது, கொன்னது யாருன்னு தேடுறதா, இல்ல அந்த ஆளுங்க பேசிக்கிற நக்கலா?"ன்னாங்க. நக்கல்தான்னு சொன்னேன். நேரா போய் சுஜாதாவோட கணேஷ் வசந்த் கதை ஒண்ண எடுத்து கையில குடுத்தாங்க. தேடுறதுன்னு சொல்லிருந்தா வேற ஆளோட புக்கு குடுத்துருப்பேன்னு ரொம்ப நாள் கழிச்சு சொன்னாங்க. குரூப் 4 பாஸ் பண்ணல, அது வேற கதை.

நிறைய பேருக்கு ஒரு விஷயம் தெரியாது, எந்த புக்கு வரணும்ங்கறது பெரும்பாலும் அக்கா கையில இல்ல. நம்ம வீட்டு வரியோட சேத்து நூலக வரின்னு ஒண்ணு கட்டுறோம்ல, அதுல, மேல இருந்து நூலக ஆணை போட்டு மொத்தமா வாங்கி மூட்டையா அனுப்புவாங்க. வந்தத யாரு கையில சேக்கணும்ங்கறதுதான் இவங்க வேலை. நூலகம் எப்படி நடக்கணும்னு விதி வகுத்த, சீர்காழில பொறந்த ரங்கநாதன் 1931லயே எழுதி வச்சுட்டாரே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புக்கு, ஒவ்வொரு புக்குக்கும் அதுக்கான வாசகர்னு. அதே வருஷம்தான் நம்ம மன்னார்குடி பக்கம் மேலவாசல்ல மாட்டு வண்டில நூலகம் ஓட்டினாங்க. அந்த வண்டி ஊர் ஊரா போய் பண்ணத அக்கா நாலு அலமாரிக்கு நடுவுல பண்ணாங்க.

எப்படின்னு கேளுங்க. எடுத்தவங்க திருப்பிக் குடுத்த புக்கெல்லாம் ஒரு டேபிள்ல கிடக்கும்ல, நாமெல்லாம் அலமாரிக்கு போகவே மாட்டோம், அந்த டேபிளதான் மேய்வோம், யாரோ படிச்ச புக்குன்னா நல்லாத்தான் இருக்கும்னு ஒரு நெனப்பு. அக்கா அத கவனிச்சுட்டாங்க. வருஷக்கணக்கா யாரும் தொடாத புக்குல ரெண்டு மூணு எடுத்து தூசி தட்டி அந்த டேபிள்ல கலந்து வச்சுடுவாங்க. பின்னாடி ஒட்டிருக்குற தேதி சீட்டுல ஒரு முத்திரை கூட இல்லாத பேய்க்கதை ஒண்ணு இப்படித்தான் ஒரே மழைக்காலத்துல ஆறு கை மாறுச்சு, அதுல ஒரு கை என்னோடது, ரெண்டு நாள் ராத்திரி கொல்லைப்பக்கம் போகல.

நவம்பர்ல நூலக வார விழா வரும்போது இன்னொரு வேலை பண்ணுவாங்க. புக்க பழைய பேப்பர்ல சுத்தி அட்டை தெரியாம கட்டி மேல ஸ்கெட்ச் பேனாவுல ஒரே ஒரு வரி. "ரெண்டு அண்ணன் தம்பி, ஒரு கிணறு, வாய தொறக்காத ஒரு பாட்டி" இது எனக்கு வந்தது. இதப்பாத்துட்டு எடுக்காம வர முடியுமா சொல்லுங்க.

பக்கத்து ஊரு வடுவூர்னா நாம பறவைங்க சரணாலயத்த சொல்லுவோம். அக்காவுக்கு அது வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஊரு. நூறு வருஷத்துக்கு முன்னாடியே துப்பறியும் நாவலா எழுதித் தள்ளுன மனுஷன். அந்த பழைய நடைய யாரு படிப்பான்னு நான் கேட்டேன். அக்கா பேப்பர் படிக்கற பெருசுங்ககிட்ட போய், 1950ல நம்பியார் வேஷம் வேஷமா போட்டு நடிச்ச திகம்பர சாமியார் படம் பாத்துருக்கீங்களா, அந்த சாமியார் கதைய எழுதுனது பக்கத்து ஊர்க்காரர்தான்னு ஒரு பிட்ட போட்டாங்க, அவ்ளோதான், தினத்தந்திய மடிச்சு வச்சுட்டு மூணு பேரு எந்திரிச்சாங்க.

எங்கம்மா கதைய சொல்லியே ஆகணும். அம்மா லைப்ரரி படி ஏறுனதே இல்ல, முன் ஹால் பூரா ஆம்பளைங்க கால நீட்டி பேப்பர் படிச்சுட்டு இருந்தா எப்படி ஏறுவாங்க. என்னைத்தான் அனுப்புவாங்க, குடும்ப நாவல் எதாச்சும் எடுத்துட்டு வாடான்னு, நான் போய் வெக்கப்பட்டுக்கிட்டு கேப்பேன். அக்கா ஒருநாள், "அம்மாவுக்கு அழுகை வேணுமா, கல்யாணத்துல முடியணுமான்னு கேட்டுட்டு வா"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அம்மா அடுப்படில இருந்தே, "அழுகைக்கு இங்க என்ன பஞ்சம், கல்யாணத்துல முடியச் சொல்லு"ன்னாங்க. அப்புறம் அக்கா அந்த அலமாரியவே வாசப்பக்கம் நகத்தி, ஹாலுக்குள்ள வராமலே எடுக்கற மாதிரி வச்சாங்க. இப்ப அம்மா பேர்லயே கார்டு இருக்கு, கூட தெருவுல நாலு பேர சேத்து விட்டுருக்காங்க.

அக்கா மட்டும் இல்ல. தெனமும் பெருக்கித் தொடச்சு, பிஞ்ச புக்குக்கு பசை போட்டு, மாத நாவல் அட்டைப்பெட்டிய கரையான் அரிக்காம பாத்துக்கிட்ட, லைப்ரரில கூட்டிப் பெருக்குற அம்மாவுக்கு நன்றி. அந்த பெட்டி எந்த பதிவேட்டுலயும் கிடையாது, படிச்சு முடிச்சவங்க போட்டுட்டுப் போறது, வேணும்னா எடுத்துக்கலாம். வாசகர் வட்டத்துல "தரமான இலக்கியம் மட்டுமே பேசணும்"னு ஒருத்தர் சண்டைக்கு வந்தப்ப, சரி, அடுத்த மாசம் துப்பறியும் கதை, அதுக்கடுத்த மாசம் உங்க இலக்கியம்னு பஞ்சாயத்து பண்ணி வச்ச ரிட்டயர்டு வாத்தியாருக்கு ரொம்ப நன்றி, துப்பறியும் கதை மாசம்தான் சேர் பத்தல. ஆயிரம் ரூபா கட்டி புரவலரா சேந்த உரக்கடை அண்ணனுக்கும் நன்றி. ரெண்டாம் பக்கத்துலயே பென்சில்ல "கொலைகாரன் டிரைவர்"னு எழுதி வச்ச மகராசனுக்கு மட்டும் நன்றி கிடையாது, உன் கையெழுத்து எனக்கு தெரியும்.

கடைசியா ஒண்ணு, இத சொல்லத்தான் முக்கியமா எழுதவே உக்காந்தேன். நம்ம லைப்ரரில பொன்னியின் செல்வன் அஞ்சு பாகத்துல மூணாவது, கொலைவாள், ரொம்ப வருஷமா காணோம்னு எல்லாருக்கும் தெரியும். ரெண்டாம் பாகம் முடிச்சுட்டு தவிச்சுப்போய் நிக்கறவங்கள அக்கா பக்கத்துல உக்கார வச்சு மூணாம் பாகத்த வாயாலயே சொல்லி நாலாம் பாகத்த கையில குடுத்து அனுப்புவாங்க. எனக்கும் அப்படித்தான், ஒரு சாயங்காலம் பூரா சொன்னாங்க, பூட்டற நேரம் தாண்டியும் சொன்னாங்க. இப்ப பொறுப்ப ஒப்படைக்கும்போது குறையற ஒவ்வொரு புக்குக்கும் அவங்கதான் பதில் சொல்லணும்னு நேத்து கேள்விப்பட்டதுல இருந்து எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஏன்னா போன மாசம் பரண் ஒழிக்கும்போது, திருப்பூர் போயிட்ட எங்க சித்தப்பாவோட பழைய டிரங்குப் பெட்டில, அடியில, ஊதா முத்திரையோட அது கிடந்துச்சுக்கா. எடுத்து தொடச்சு வச்சுருக்கேன். அட்டை மட்டும் கொஞ்சம் எலி கடிச்சுருக்கு. வெள்ளிக்கிழமை லீவு, அதனால சனிக்கிழமை காலைல கதவு தொறக்கறப்பவே கொண்டு வந்துடறேன், ஃபைன் எவ்வளவுன்னு மட்டும் கணக்குப் போட்டு வைங்க, சித்தப்பாகிட்ட வாங்கிக்கறேன்.