சீனக்குடாவுக்கு வந்தது ஜேர்மன் எஞ்சின் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

1942 ஏப்ரல் 9 திருகோணமலைக் குண்டுவீச்சு பற்றி உங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரை, ஜப்பானிய விமானங்கள் ஜேர்மன் எஞ்சினில் பறந்து வந்ததாகச் சொல்கிறது. பிழை. அன்று சீனக்குடா விமானத்தளத்துக்கு மேல் வந்த சீரோ சண்டை விமானத்திலும் நகாஜிமா குண்டுவீச்சு விமானத்திலும் இருந்தது ஜப்பானின் சகாயே எஞ்சின். 14 சிலிண்டர்களை வட்டமாக அடுக்கி, காற்றாலேயே குளிரவைத்தது. ஜப்பான் உரிமம் வாங்கிச் செய்த ஜேர்மன் எஞ்சின் டைம்லர்-பென்ஸ் டிபி 601. கடற்படைக்கு ஐச்சி நிறுவனமும் தரைப்படைக்கு கவாசாக்கி நிறுவனமும் அதைச் செய்தன. கவாசாக்கி எஞ்சின் பூட்டிய ஹியென் விமானம் சண்டைக்கு வந்தது 1943இல்.

"ஜேர்மன் எஞ்சின் பெரிது, ஆகவே பலம் கூடியது" என்று கட்டுரை சொல்வதும் சரியல்ல. டிபி 601 கொள்ளளவு 33.9 லீற்றர், பிரித்தானிய விமான எஞ்சினான மெர்லின் 27 லீற்றர். 1940இல் இரண்டும் ஏறத்தாழ ஒரே பலம்தான் தந்தன. காரணம் பெற்றோல். பிரித்தானியரிடம் 100 ஒக்டேன் பெற்றோல் இருந்தது (ஒக்டேன் கூடக்கூட, அழுத்தத்தில் முன்கூட்டி வெடிக்காமல் தாங்கும்). ஜேர்மனியரின் பி4 வகைப் பெற்றோல் வெறும் 87. சுப்பர்சார்ஜர் என்ற காற்றழுத்தியால் சிலிண்டருக்குள் அதிகம் காற்றைத் திணித்தால் தாழ்ந்த பெற்றோல் நேரத்துக்கு முன்பே வெடித்து பிஸ்டனைத் துளைக்கும். திணிக்க முடியாதவன் சிலிண்டரைப் பெருப்பிக்கிறான். அடுத்து வந்த டிபி 605இல் சிலிண்டர் விட்டம் 150இலிருந்து 154 மில்லிமீற்றரானது, கொள்ளளவு 35.7 லீற்றர்.

அந்த மாற்றத்தோடு வந்த தொல்லையைக் கட்டுரை தொடவேயில்லை. 601இல் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கொனெக்டிங் ரொட்டில் உருளைப் பெயாரிங் இருந்தது. 605இல் உருளை இல்லாத சாதாரண புஷ் வகை. அதற்கு ஒயில் இடைவிடாமல் ஓடவேண்டும். உயரத்தில் ஒயில் நுரைத்தால் பெயாரிங் காய்ந்து, சூடேறி, எஞ்சின் தீப்பிடிக்கும். ஒயிலிலிருந்து காற்றைப் பிரிக்கும் ஏற்பாடு சீராகும்வரை, 1943 பிற்பகுதிவரை, முழுப் பலத்துக்கே தடை: நிமிடத்துக்கு 2800 சுற்றுக்குப் பதில் 2600, உள்ளே திணிக்கும் காற்றின் அழுத்தம் 1.42 வளிமண்டலத்துக்குப் பதில் 1.3.

இந்த ஜேர்மன் எஞ்சின்களில் மெச்சவேண்டியது எரிபொருள் ஊட்டிய விதம். நம் படகுகளின் டீசல் பம்பைக் கழற்றியவர்களுக்குப் புரியும்: 12 சிலிண்டருக்கு, எரிபொருளைத் தள்ளும் 12 பிளஞ்சர். ஆனால் பெற்றோலுக்கு டீசலின் வழுக்கல் இல்லை. பிளஞ்சருக்கு எஞ்சின் ஒயிலைத் தனியே விடவேண்டியிருந்தது. பயன், விமானம் மூக்கைச் சட்டென்று கீழே குத்தினாலும் எஞ்சின் விக்காது. மிதவைக் காபரேற்றர் வைத்த மெர்லின் விக்கியது. 1941இல் பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பொறியியலாளர் துளையிட்ட சிறு தகடு ஒன்றைப் போட்டுத்தான் அதை ஓரளவு சமாளித்தார்.

605இன் பலத்தைக் கூட்ட உள்ளே பீய்ச்சிய எம்டபிள்யூ 50 கலவை, கட்டுரை சொல்வதுபோல் ஒரு "இரகசிய எரிபொருள்" அல்ல. பாதி மெதனோல், பாதி தண்ணீர், துரு பிடிக்காமல் ஒரு துளி எண்ணெய். தண்ணீர் உள்ளே போகும் காற்றைக் குளிர்விக்கும். மெதனோல் அது உறையாமல் காக்கும். அதனால்தான் 1.7 அழுத்தம்வரை ஏற்றி, 1475 குதிரைவலுவை 1800 ஆக்க முடிந்தது. அதுவும் தொடர்ந்து 10 நிமிடம் மட்டும். சுப்பர்சார்ஜரே மூச்சுத் திணறும் உயரத்தில் பயன் குறைவு.

கடைசியாக, படம். டிபி 605ஐ நிமிர்த்தி அச்சிட்டிருக்கிறீர்கள். அது பிறப்பிலேயே தலைகீழ் எஞ்சின். சிலிண்டர் தலைகளும் புகைக்குழாய்களும் கீழே, கிராங் மேலே வரவேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
உப்புவெளி, திருகோணமலை.