பேட்டரி மாத்தத்தான் குடுத்தேன், மெமரிய அழிக்க இல்ல

வணக்கம் சார் / மேடம்,

இது நான் உங்களுக்கு அனுப்புற நாலாவது மெயில். முதல் மூணுக்கும் "உங்கள் கருத்துக்கு நன்றி"னு ஒரே பதில்தான் வந்துச்சு. நான் கருத்து எதுவும் சொல்லலைங்க, புகார்தான் சொன்னேன்.

விஷயம் ரொம்ப சின்னது. உங்க கம்பெனி 61 கீ சிந்தசைசர் (சவுண்ட நாமளே உருவாக்கி சேவ் பண்ணிக்கிற கீபோர்டு) ஒன்னு 22 வருஷமா வச்சிருக்கேன். கொஞ்ச நாளா ஆன் பண்ணும்போதெல்லாம் டிஸ்ப்ளேல "இன்டர்னல் பேட்டரி லோ"னு வந்துச்சு. உள்ள போர்டுல இருக்கிற 3 வோல்ட் காயின் செல், சிஆர்2032, அதுதான் தீரப்போற நிலையில இருந்துச்சு. நாம சேவ் பண்ற சவுண்டு எல்லாம் ரேம்ல இருக்கு, ஸ்விட்ச் ஆஃப்ல இருக்கும்போது அந்த ரேமுக்கு உயிர் குடுக்கிறது அந்த செல். இத உங்களுக்கு நான் சொல்லணுமா, நீங்க செஞ்ச பொருள்தானே. ஆனா சொல்ல வேண்டியதா போச்சு! கஸ்டமர் கேர்ல முதல்ல பேசினவர் "எந்த சார்ஜர் யூஸ் பண்றீங்க"ன்னார். அடுத்தவர் "இது கரண்ட்ல ஓடுற மாடல், இதுல பேட்டரியே கிடையாது"னு அடிச்சு சொன்னார். அப்போ டிஸ்ப்ளேல வர்ற மெசேஜ் யார் போட்டது, நானா?

மூணாவது ஒருத்தர் வந்தார் பாருங்க. "இவ்ளோ பழைய சாமானை எதுக்கு கட்டிட்டு அழறீங்க, புதுசு வாங்கிட்டுப் போங்களேன்"னு சொல்லிட்டு, என்னை ஹோல்ட்ல போட்டதா நெனச்சுக்கிட்டு பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட "ஒரு பொட்டி கேஸு, விடவே மாட்டேங்குது"ன்னார். எல்லாம் காதுல விழுந்துச்சு. கூட யாரோ சிரிச்சதும் விழுந்துச்சு. கால் எல்லாம் ரெக்கார்ட் பண்றோம்னு நீங்கதானே சொல்றீங்க, எடுத்துக் கேளுங்க.

சரி, சர்வீஸ் சென்டருக்கு தூக்கிட்டுப் போனேன். முதல் தடவை டெக்னீஷியன் லீவு. ரெண்டாவது தடவை போன் பண்ணி கேட்டுட்டுத்தான் போனேன், "கொண்டு வாங்க"ன்னாங்க, கேஸோட சேத்து கிட்டத்தட்ட 20 கிலோ, மூணு மாடி, லிஃப்ட் வேலை செய்யல, மேல போய் மூச்சு வாங்கிட்டு நிக்கறேன், கவுண்டர்ல கம்ப்யூட்டர தட்டிப் பாத்துட்டு "பார்ட் நம்பர் சிஸ்டத்துல வரல, ஆர்டர் போட முடியாது"ங்கறாங்க. என்ன பார்ட்? கம்ப்யூட்டர் மதர்போர்டுல இருக்கிற அதே செல்லுங்க! அவங்க தட்டிட்டு இருந்த கம்ப்யூட்டருக்குள்ளயே ஒன்னு இருந்திருக்கும். அன்னிக்கு திரும்ப மூணு மாடி இறக்கினதுல பிடிச்ச இடுப்பு இன்னும் விடல.

மூணாவது தடவைதான் வாங்கிக்கிட்டாங்க. ஜாப் ஷீட்ல நானே கைப்பட எழுதினேன், "மெமரி பேக்கப் எடுத்த பிறகு மட்டும் பேட்டரிய கழட்டவும்". கவுண்டர்ல படிச்சுப் பாத்து கையெழுத்தும் போட்டாங்க. ஏன் நீயே எடுக்கலனு கேப்பீங்க, கேளுங்க. எடுத்துப் பாத்தேன், கீபோர்ட கம்ப்யூட்டரோட இணைக்க என்கிட்ட இருக்கிறது சீப்பான யூஎஸ்பி மிடி கேபிள், சிஸ்எக்ஸ் டம்ப் (சேவ் பண்ண சவுண்ட எல்லாம் மொத்தமா டேட்டாவா அனுப்புறது) கொஞ்சம் பெருசா போனா நடுவுல டேட்டாவ முழுங்கிடும், திருப்பி அனுப்பினா செக்சம் எரர், அதாவது டேட்டா சரியில்லன்னு வருது. அதனாலதான் கம்பெனிக்காரங்க ஒழுங்கா செய்வாங்கனு நம்பினேன். நம்பினது என் தப்புதான்.

வீட்டுக்கு வந்து ஆன் பண்றேன், யூசர் பேங்க்ல, அதாவது நாம சேவ் பண்ற இடத்துல, 128 சவுண்டும் காலி. பேர் இருக்க வேண்டிய இடத்துல என்னமோ குப்பை எழுத்து. 22 வருஷ உழைப்புங்க! சவுண்டோட குணத்த மாத்துற ஒவ்வொரு ஃபில்டர் செட்டிங்கும் ஒவ்வொரு என்வலப் செட்டிங்கும் ராத்திரி உக்காந்து செதுக்கினது. என் பாதி வாழ்க்கைய அழிச்சுட்டீங்கன்னு சொன்னா மிகையா தெரியும், எனக்கு அப்படித்தான் இருக்கு. "பொட்டி கேஸு"ன்னாரே, அந்த பொட்டிக்குள்ள என்ன இருந்துச்சுனு அவருக்கு என்ன தெரியும்.

இன்னொன்னு விட்டுட்டேன். சந்தேகப்பட்டு நானே திறந்து பாத்தேன் (வாரண்டி போயிடும்னு மட்டும் சொல்லிடாதீங்க, அது போய் ரொம்ப வருஷமாச்சு). டேக் (சால்டர் பண்றதுக்குன்னே ஒட்டின தகடு) வச்ச செல் போடாம, ஒரு ஹோல்டரும் வைக்காம, சாதா செல் மேலயே நேரா வயர சால்டர் பண்ணி இன்சுலேஷன் டேப் சுத்தியிருக்கு. காயின் செல்லுக்கு நேரா சூடு காட்டினா கெட்டுப்போகும், வெடிக்கவும் செய்யும், இது படிச்ச டெக்னீஷியன் செய்யற வேலையா? மீட்டர் வச்சுப் பாத்தா 2.6 வோல்ட் காட்டுது, புது செல்னா 3 வோல்ட்டுக்கு மேல காட்டணும். இதுக்கு பில்லுல "பேட்டரி மாற்றம், டெஸ்டிங்"னு ரெண்டு வரி போட்டு காசு வேற. என்னத்த டெஸ்ட் பண்ணீங்க?

கோவத்துல கொஞ்சம் கூடுதலா பேசியிருந்தா மன்னிச்சுக்கோங்க. உங்க பொருள் மேல மரியாதை இருக்கிறதாலதான் இத்தனை வருஷம் வச்சிருக்கேன், இப்பவும் அதோட கீ டச் எதுலயும் வராது. நான் கேக்கறது இதுதான்: சால்டர் பண்ணதை எடுத்துட்டு ஒழுங்கா ஹோல்டர் வச்சு புது செல் போட்டுக் குடுங்க, வாங்கின காசத் திருப்பிக் குடுங்க, வாங்கினப்ப யூசர் பேங்க்ல நீங்க போட்டுக் குடுத்த ஃபேக்டரி சவுண்டோட சிஸ்எக்ஸ் ஃபைலையாவது அனுப்புங்க. நான் பண்ணினது திரும்பி வராது, அது தெரியும். அந்த ஃபைல் "எங்ககிட்ட இல்ல"னு மட்டும் சொல்லாதீங்க, உங்ககிட்ட இல்லாம வேற யார்கிட்ட இருக்கும்?

இன்னும் 15 நாள் பாப்பேன். பதில் வரலனா ஜாப் ஷீட், பில்லு, சால்டர் போட்ட போட்டோ எல்லாத்தையும் எடுத்துட்டு நுகர்வோர் கோர்ட்டுக்குப் போறேன். இது மிரட்டல் இல்ல, தகவல்.

சர்வீஸ் சென்டருக்கு இனிமே நான் தூக்கிட்டு வர மாட்டேன், நீங்கதான் ஆள் அனுப்பி எடுத்துட்டுப் போகணும். போன் பண்றதா இருந்தா பண்ணுங்க, அந்த மூணாவது ஆள மட்டும் பண்ணச் சொல்லாதீங்க.

இப்படிக்கு,
உங்க "பொட்டி கேஸு"