இரண்டு குப்பிகளும் ஒரு துண்டுச் சீட்டும்

எல்லோருக்கும் வணக்கம்.

இன்று காலை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். பிளாஸ்கின் அடியெங்கும் செல்கள் ஒட்டிப் பரவியிருக்கின்றன. ஒன்பது நாள் ஆயிற்று. அன்றிரவு எங்கள் ஆய்வகத்தின் செல் குப்பிகள் மொத்தமும் வீணாய்ப் போனது உங்களுக்குத் தெரியும், மறுபடி விவரிக்கத் தெம்பில்லை. எல்லாக் குப்பிகளையும் ஒரே இடத்தில் வைத்தது என் தவறு, அவ்வளவுதான்.

முதல் நன்றி, பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்ன அந்தத் தொழில்நுட்பருக்கு. நாலு வருடத்துக்கு முன் உங்கள் ஆய்வகத்துக்கு இந்த செல்களை அனுப்பியதையே நான் மறந்திருந்தேன். உங்கள் வேலை எப்போதோ முடிந்துவிட்டது, தூக்கிப் போட்டிருக்கலாம். நீங்களோ இரண்டு குப்பிகளைத் திரவ நைட்ரஜனில் வைத்து, பட்டியலிலும் குறித்து வைத்திருந்தீர்கள். செல்லுக்கு ஆற்றல் உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் தனி டிஎன்ஏவில் உள்ள 16,569 எழுத்துகளில் 3243-ஆம் இடத்தில் ஒன்று மட்டும் மாறிய செல்கள். அந்த டிஎன்ஏவைத் தந்த நோயாளி இன்று இல்லை. மறுபடி கேட்டு வாங்க யாருமில்லை.

ஆனால் என்னைக் கலங்க வைத்தது குப்பி அல்ல, அதோடு வந்த துண்டுச் சீட்டு. “யூரிடின் மறக்காதீங்க. பைருவேட்டும். முதல் மூணு நாள் செத்த மாதிரிதான் இருக்கும், கை வைக்காதீங்க.”

யூரிடினை நான் மறந்துதான் இருந்தேன். பதற்றத்தில், செல்களை வளர்க்கும் சாதாரண ஊட்டக் கரைசலைத்தான் கலக்கி வைத்திருந்தேன். ஆர்என்ஏவுக்கு வேண்டிய யூரிடினை செல் தானே செய்துகொள்ளும். ஆனால் அதில் ஒரு படி மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் நடக்கிறது, ஆற்றலுக்காக அங்கே இருக்கும் எலக்ட்ரான் கடத்தல் சங்கிலி ஓடினால்தான் அது நகரும். இந்த மாற்றத்தால் சங்கிலி படுத்துவிட்ட செல்லுக்கு ஆற்றல் மட்டுமல்ல, ஆர்என்ஏவுக்கான எழுத்துகளும் பற்றாமல் போகும். வெளியிலிருந்து ஊட்ட வேண்டும். படித்தது, பிறருக்குப் பாடமாகச் சொன்னதும்கூட. தேவைப்பட்ட அன்று நினைவில் இல்லை. மூன்றாம் நாள் எல்லாம் உருண்டு மிதந்தபோது, கொட்டிவிடலாம் என்று பிளாஸ்கைக் கையில் எடுத்துவிட்டேன். சீட்டு எதிரே ஒட்டியிருந்தது. திரும்ப வைத்துவிட்டேன்.

புதிதாக ஏதாவது கண்டுபிடிக்கத்தான் நல்கை கிடைக்கும். பழைய குப்பியைப் பத்திரமாக வைத்திருக்க யாரும் பணம் தருவதில்லை. அதைச் செய்கிறவர்களை ஆய்வுக் கட்டுரையின் கடைசியில் “தொழில்நுட்ப உதவி” என்று அரை வரியில் முடித்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

அப்புறம், தொகை கூட்டாவிட்டாலும் கெடுவை நீட்டிய நல்கைக் குழுவுக்கு நன்றி. தங்கள் இரவு முறையை விட்டுக்கொடுத்த மைக்ரோஸ்கோப் மையத்தாருக்கும், போட்டி ஆய்வகம் என்று பாராமல் புரதங்களை அடையாளம் காட்டும் எதிர்ப்பொருள் அனுப்பியவர்களுக்கும் நன்றி. முகம் தெரியாதவர்களும் உண்டு: அட்ஜீன் என்ற பொதுச் சேமிப்பகத்தில் பிளாஸ்மிட்டை (வட்ட டிஎன்ஏ துண்டை) போட்டு வைத்தவர்கள், படங்களை ஆராயும் ஃபிஜி மென்பொருளை இலவசமாகத் தந்தவர்கள், மைட்டோகாண்ட்ரியப் புரதங்களுக்கான 1,136 மனித மரபணுக்களை மைட்டோகார்ட்டா என்ற பட்டியலில் திரட்டி எல்லோருக்கும் திறந்து விட்டவர்கள். விட்டுப்போனவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், ஒன்பது நாளாகச் சரியான தூக்கமில்லை.

இனி எங்கள் செல்களில் பாதி வேறொரு கட்டடத்தில் இருக்கும். இங்கிருந்து போகிற ஒவ்வொரு குப்பியோடும் கையால் எழுதிய சீட்டு ஒன்றும் போகும். என் கையெழுத்து மோசம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை செல்களைப் பிரிக்கிறேன். முதல் இரண்டு குப்பிகள், சீட்டு எழுதிய உங்களுக்குத்தான், நீங்கள் எடுத்துக் கொடுத்த இடம் காலியாக இருக்கக் கூடாது.