ஹூ அடிப்பதற்குச் சம்பளமா காரணம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் கிரிக்கெட் வீரர்கள் இரசிகர்களின் ஏச்சையும் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும் என்று சென்ற வாரம் இப்பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஏச்சு வாங்க வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. அதற்குச் சம்பளத்தைக் காரணம் காட்டியதுதான் ஒப்பவில்லை.

ஏச்சு சம்பளத்தைப் பார்த்து விழுவதென்றால் எங்கள் தேயிலைத் தோட்டங்களில் ஒருவருக்கும் அது விழுந்திருக்கக் கூடாது. 1000 ரூபாய் நாட்சம்பளத்துக்காக வருடக்கணக்கில் தெருவில் நின்று 2021 இல்தான் அதைக் கண்ட சனம் நாங்கள். மழையில் நனைந்து பறித்த கொழுந்து தராசில் குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாட்சம்பளம். கூடவே எல்லோர் முன்னிலையிலும் நாலு வார்த்தை.

வீரர் ஏச்சு கேட்க வேண்டியதற்குக் காரணம், அவர் ஆடுவது நம் கண் முன்னால் என்பதுதான். பல்லேகலையில் மெட்ச் என்றால் ஹட்டன் பக்கத்துப் பையன்கள் காசு சேர்த்து வேன் பிடித்து, கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று வளைந்து வளைந்து போகிறார்கள். மழை வந்தால் பிளாஸ்டிக் ஷீட்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கைக்கு வந்த பிடியை ஒருவர் விட்டால் 'ஹூ' என்று கூச்சலிட்டு ஏசாமல் என்ன செய்வார்கள்? தோட்டத்து மைதானத்தில் சதம்கூட வாங்காமல் ஆடுகிறவனுக்கும் அதே ஹூதானே!

2023 ஆசியக் கிண்ண இறுதிப் போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. டவுன் சலூனில் டீவி ஓடிக்கொண்டிருந்தது. முகம் நிறைய நுரையோடு ஒருவர் நாற்காலியில் காத்திருக்க, சவரக்கத்தி பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. இந்தியாவின் சிராஜ் ஒரே ஓவரில் நம் ஆட்கள் நாலு பேரை அனுப்பினார். 12 ஓட்டத்துக்கு 6 விக்கெட், முடிவில் 50. அன்று அங்கே கேட்டதில் பாதியை உங்களால் அச்சிட முடியாது. ஆனாலும் அத்தனையும், காலை நகர்த்தாமல் வெளியே போகிற பந்துக்கு மட்டையை நீட்டியதைப் பற்றித்தான். யாருடைய தாயும் தாரமும் பேச்சில் வரவில்லை.

இதைத் தாண்டினால் எவ்வளவு சம்பளம் வாங்குகிறவரும் பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை. நம் கண்டிச் சுழற்பந்து வீச்சாளர் முரளிக்கு 1995 மெல்பேர்ன் டெஸ்டில் நடுவர் டெரல் ஹெயார், பந்தை எறிகிறார் என்று ஏழு முறை நோபோல் கொடுத்தார். சோதனைகளுக்குப் பிறகு ஐ.சி.சி. அவரது பந்துவீச்சை அனுமதித்தது. அதன் பின்னும் அவுஸ்திரேலிய மைதானங்களில் அவர் பந்தைக் கையில் எடுத்தாலே 'நோபோல்' கூச்சல்தான். 2004 இல் அந்நாட்டுப் பிரதமர் ஜோன் ஹவார்டே, முரளி பந்தை எறிகிறார் என்றார். நாட்டின் தலைவரே கூட்டத்தோடு சேர்ந்து ஹூ அடித்த கதை வேறெங்கும் நடந்ததாக நான் கேள்விப்படவில்லை. அந்த வருட அவுஸ்திரேலியப் பயணத்துக்கு முரளி போகவில்லை. "காசு வாங்குகிறவர் போய் ஆட வேண்டியதுதானே" என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் நாம் சும்மா விட்டிருப்போமா?

2014 இருபதுக்கு 20 உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் நமக்கு எதிராக இந்தியாவின் யுவராஜ் சிங் 21 பந்துகளில் 11 ஓட்டங்கள் எடுத்தார். நாம் பட்டாசு கொளுத்தினோம். அங்கே அவர் வீட்டுக்குக் கல் எறிந்தார்கள். ஹர்திக் பாண்டியா 2024 ஐ.பி.எல்.லில் சொந்த மைதானமான மும்பை வான்கடேயிலேயே ஹூ வாங்கினார். திருப்பி ஒன்றும் சொல்லாமல் ஆடினார். சில மாதங்களில் உலகக் கிண்ணத்தோடு வந்தபோது அதே வான்கடே அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது. மைதானத்து ஹூ மைதானத்தோடு போய்விடும். வீட்டு வாசலில் விழுந்த கல் அப்படியா?

ஆசிரியர் ஐயாவிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. ஒவ்வொரு தோல்விக்கும் மறுநாள் 'கொந்தளித்த இரசிகர்கள்' என்று பேஸ்புக்கில் வரும் வசையை எடுத்து விளையாட்டுப் பக்கத்தில் போடுகிறீர்கள். வீரர்களின் மனைவிமாரைப் பற்றிய வரிகளும் அதில் வந்துவிடுகின்றன. அந்த இடத்தை மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டக் கழகங்களின் போட்டி முடிவுகளுக்குக் கொடுங்கள்.

தோட்டத்து இரசிகர் ஒருவர்,
டிக்கோயா.